அப்பா வாயைக் கட்டிக்கொண்ட நான்கு வாரம்

எங்கள் வீட்டில் ஒரு நோயை நோய் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமானால் அது தொடங்கிய நாள் தெரிந்தாக வேண்டும். அத்தையின் மூட்டுவலி ஒரு கருட சேவையன்று தொடங்கியது. அம்மாவின் தலைவலி நான் பிறந்த மறுநாள் தொடங்கியது. அதைச் சொல்லும்போது அம்மா என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வாள். 1978-ல் என் தங்கைக்கு வந்ததற்கு மட்டும் நாள் அகப்படவில்லை.

அம்மா ஆனி மாதம் என்றாள். அப்பாவின் அக்கா, சிறு வயதிலேயே கணவரை இழந்து எங்களோடு இருந்த அத்தை, ஆடி அமாவாசைக்கு மறுநாள் என்று அடித்துச் சொன்னாள். திருவள்ளூரில் எங்கள் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்பவர் அப்பா. தான் கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கலைத் தங்கை வேண்டாமென்று சொன்ன நாள்தான் தொடக்கம் என்றார் அவர். அதற்கு முன்னால் அவர் எதையும் கவனித்திருக்கவில்லை.

வழக்கைத் தீர்க்க என் டைரியைக் கேட்டார்கள். பதினெட்டு வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதிவருகிறவன் நான். அப்போது எனக்கு இருபத்து நான்கு. எடுத்துப் பார்த்தேன். ஊரில் எப்போது மழை பெய்தது, ஊத்துக்கோட்டை பஸ் எத்தனை நிமிஷம் தாமதம், எந்தப் புத்தகத்தில் எத்தனையாவது பக்கம் வரை வந்தேன், மின்சாரம் எப்போது போய் எப்போது வந்தது, எல்லாம் இருந்தது. தங்கையைப் பற்றி இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை. கடைசியாக இருந்தது இது: 'என் பேனாவை எடுத்து மூடியைத் தொலைத்துவிட்டாள்.' அதற்குப் பிறகு என் பேனா மூடிகள் எதுவும் தொலையவில்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அவளுக்குப் பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு. அந்த ஆனிக்கு முன்னால் அவள் வீட்டில் இருக்கிறாளா என்று யாரும் தேட வேண்டியதில்லை. அத்தை நடக்கிற மாதிரி நடந்து காட்டுவாள், அத்தையின் பின்னாலேயே. நான் பாதி படித்து வைத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் முடித்துவிட்டு, சாப்பிடும்போது முடிவைச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். படுத்தால் லேசில் எழுந்திருக்கமாட்டாள். அம்மா தலை பின்னினால் பின்னவிடுவாள், விட்டால் விட்டபடி. இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. விடியற்காலம் அப்பா மடைப்பள்ளிக்குக் கிளம்பும்போது விழித்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்தபடி இருப்பாள். ஆவணியில் பள்ளிக்கூடமும் நின்றது.

ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். அத்தைக்குத் திருஷ்டி. அம்மாவுக்குக் கணக்கு வாத்தியார். அப்பா என் புத்தக அலமாரியைப் பார்த்து, "படிச்சுப் படிச்சு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். அவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவது அபூர்வம் என்பதால் எல்லோரும் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிறையப் படித்தவன் அல்லவா, நீளமான சொற்களோடு ஒரு காரணம் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. அந்தக் காரணம் தப்பு என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

எங்கள் ஊரில் ஒரு சங்கடம் உண்டு. எங்கள் பெருமாளே வைத்தியர். அமாவாசைக்கு அமாவாசை எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வந்து கோயில் குளத்தில் வெல்லத்தைப் போடுவார்கள். வெல்லம் கரைகிற மாதிரி வியாதியும் கரையும் என்பது நம்பிக்கை. வைத்தியர் வீட்டுச் சமையற்காரர் தன் வீட்டில் வியாதி என்று எப்படிச் சொல்வார்? ஆவணி அமாவாசையன்று அப்பா, கூட்டமில்லாத மூலைப் படியில் இறங்கி, அங்கவஸ்திரத்துக்குள் ஒளித்துக் கொண்டுபோன வெல்லத்தைக் குளத்தில் விட்டார். எங்களுக்குப் பால் ஊற்றுகிற அம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா சாமி, ஊரு நோவெல்லாம் நடுப்படியில நின்னு கரைக்கிறான். நீ இன்னா மூலையில ஒளிஞ்சிகினு போட்டுனு கீற?"

"மீனுக்கு" என்றார் அப்பா.

"மீனு வெல்லம் துன்னுதா? புதுசா கீதே."

அப்பா ஈரக் கையை அங்கவஸ்திரத்தில் துடைத்துக்கொண்டு படியேறினார். 

மறுநாள் பால்காரம்மாள் பாலை ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றாள். "மாமி, தப்பா எடுத்துக்காத. பொண்ணு ஒரு மாசமா வாசலுக்கே வரல, நானும் பாத்துகினுதான் கீறேன். எங்க ஊட்டுக்காரரு தம்பி கும்முடிபூண்டில கம்பெனில கீறாரு இல்ல, அவுரு பொண்ணுக்கும் இதே பேஜாருதான். மந்திரிச்சு மந்திரிச்சு ஒண்ணும் ஆவல. அப்பால மெட்ராஸ்ல ஒரு டாக்டரம்மாகிட்ட இட்டுகினு போனாங்க. இப்ப ஸ்கூலுக்குப் போவுது, வருது. என்னியே எதுத்துப் பேசுது, அந்தக் கழுத."

அன்று சாப்பிடும்போது அம்மா இதைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைந்தாள்.

"எதுத்துப் பேசறதாமே" என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வைரத்தோடு போட்டதைச் சொல்வது போல இருந்தது அது.

அப்பா தயங்கினார். "ஊரே வைத்தியத்துக்கு இங்க வரது. நாம ரயிலேறி அங்க போனா பெருமாள் என்ன நெனச்சுப்பார்?"

"அவரும் எத்தனை பேரைத்தான் பாப்பார்? ஒரு நாள் ஓய்வு குடுங்கோ."

பால்காரம்மாளின் கொழுந்தனாரை நான் போய்ப் பார்த்தேன். கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழுந்த தொழிற்சாலைகளில் ஒன்றில்தான் எனக்கும் வேலை. எந்த இயந்திரம் எப்போது நின்றது, ஏன் நின்றது, என்ன செய்தார்கள் என்பதை எழுதும் ஷிப்ட் எழுத்தர். வாரம் முழுதும் அங்கே ஒரு அறையில் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வருவேன். அவர் முகவரி கொடுத்துவிட்டு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்: "பொண்ண மட்டும் இட்டுகினு போனா அந்தம்மா பாக்காது சார். ஊட்ல கீற அத்தினி பேரும் போவணும். எங்க அண்ணி பால் ஊத்தறதை உட்டுட்டு வந்துச்சி."

புரட்டாசி இரண்டாம் வாரம் ஐந்து பேரும் ரயிலேறினோம். புரட்டாசியில் மடைப்பள்ளியை விட்டு நகருவது லேசில்லை. அப்பா தன் முறையைப் பங்காளி ஒருவரிடம் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு தூக்குச்சட்டி நிறையப் புளியோதரை. டாக்டருக்கென்று தனியாக மிளகு வடை. தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதில் ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் கத்திப் படிப்பாள். அன்று எல்லா ஸ்டேஷனும் வந்தன, போயின.

டாக்டரம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். முதலில் தங்கையை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் திறக்கவில்லை. வெளியே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு முன்பின் தெரியாத மனிதருக்கு அப்பா எங்கள் ஊர்த் தலபுராணம் முழுவதையும் சொல்லி முடித்தார். அந்த மனிதர் எதற்காக அங்கே வந்திருந்தாரோ, போகும்போது இன்னும் வாடிப்போயிருந்தார்.

அப்புறம் எங்களைக் கூப்பிட்டார்கள். "எப்பலேர்ந்து இப்படி இருக்கா?" என்று டாக்டர் கேட்டதும் ஆனி, ஆடி அமாவாசை, சர்க்கரைப் பொங்கல் மூன்றும் ஒரே சமயத்தில் வெளியே வந்தன. நான் டைரியைப் பிரித்தேன். டாக்டர் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினார். தங்கையைப் பார்த்து, "நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார். அவள் தலையசைத்தாள்.

"இருந்து என்ன ஆகப் போறதுன்னு தோணறதாம். தினமும் தோணறதாம். உங்க யார்கிட்டயும் சொல்ல முடியலையாம்."

 அப்பா வாயைத் திறந்தார்.  மூடிக்கொண்டார். அம்மா தங்கையின் தாவணி ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள், கூட்டத்தில் குழந்தையைத் தவறவிடாமல் பிடிப்பது போல.

"இது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. காத்து கறுப்பும் இல்லை. ஜுரம் மாதிரி ஒரு நோய். பேர் டிப்ரஷன். யார் தப்பாலயும் வரலை. மாத்திரை தரேன், அது பாதி வேலை செய்யும். மீதியை வீடு செய்யணும்" என்றார் டாக்டர். அப்புறம் விரலை மடக்கிச் சொன்னார். தங்கையைத் தனியாக விடக்கூடாது. மாத்திரையைப் பூட்டி அம்மா சாவி வைத்துக்கொள்ள வேண்டும், வேளைக்கு ஒன்றாகக் கையில் கொடுக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவள் எவ்வளவு சாப்பிட்டாள் என்பதைப் பற்றிப் பேசக்கூடாது. கடைசியாக ஒன்று: வீட்டில் ஒவ்வொருவரும் தினம் அரை மணி நேரம் அவள் பக்கத்தில் சும்மா இருக்க வேண்டும்.

"கேள்வி கேக்கக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது. கதை சொல்லக் கூடாது." கதை என்னும்போது அப்பாவைப் பார்த்தார். கதவு மெல்லிய கதவு. "அவ பேசினா கேளுங்க. பேசலைன்னா இருங்க."

அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை. "சாப்ட்டியான்னு கேக்கலாமோ?"

"அது கேள்வி."

"சாப்டலாமேன்னு சொன்னா?"

"அது புத்திமதி."

"அப்போ வாயைத் தொறந்து என்னதான் பண்றது?"

"மூடிக்கலாம்" என்றார் டாக்டர். வடையை வாங்கிக்கொண்டார். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார்: "நாலு வாரம் பாப்போம். சாப்பாடு ஏறணும், அந்த எண்ணம் குறையணும். இல்லைன்னா வார்டில சேர்த்துதான் பாக்கணும். அதுவும் வைத்தியம்தான், பயப்பட ஒண்ணுமில்லை. ஆனா வீட்டிலேயே முடிஞ்சா அவளுக்கு நல்லது. அதுக்கு முன்னால எப்போ பயமா இருந்தாலும் அன்னிக்கே கூட்டிண்டு வாங்க. யாராவது தினம் குறிப்பு எழுதி வையுங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

திரும்பும் ரயிலில் புளியோதரைத் தூக்கை யாரும் திறக்கவில்லை. வார்டு என்ற சொல் தூக்குக்குப் பக்கத்தில் ஆறாவது ஆளாக உட்கார்ந்து வந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா மாத்திரையைப் பெருமாள் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். சாளக்கிராமத்தோடு இங்கிலீஷ் மருந்தா என்று அத்தை கேட்டதற்கு, "அவரும் வைத்தியர்தானே, பேசிக்கட்டும்" என்றாள்.

தொழிற்சாலையில் இயந்திரம் நின்றால் எழுதும் தாள்களில் அச்சு கோணலாகிப்போன கட்டு ஒன்று என்னிடம் இருந்தது. நான்கு கட்டங்கள்: நேரம், நிலை, காரணம், எடுத்த நடவடிக்கை. அதைக் கூடத்தில் ஆணியில் மாட்டினேன். இதைவிடப் பொருத்தமான தாள் கிடைக்காது என்று அன்று மனதார நினைத்தேன்.

அடுத்தது அரை மணிகளைப் பங்கிடுவது. எங்கள் குடும்பத்தில் எதுவும் முறை வைத்துத்தான் நடக்கும். கோயிலில் எந்தக் கைங்கர்யம் எந்த வீட்டுக்கு எந்த மாதம் என்பதற்குத் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டுப் பழகியவர்கள். சும்மா உட்காரும் கைங்கர்யத்துக்கும் சண்டை வந்தது. வீட்டுக்கு மூத்தவள் என்பதால் முதல் முறை தனக்கே என்றாள் அத்தை. பெற்றவர் இருக்கும்போது அத்தைக்கு ஏது முதல் முறை என்றார் அப்பா. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவளை யாரும் கேட்கவில்லை. கடைசியில் காலை அத்தை, பகல் அப்பா, மாலை அம்மா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடுதலாக நான் என்று தீர்ந்தது.

முதல் சனிக்கிழமை வந்து தாள்களைப் படித்தேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

'திங்கள். அத்தை. நிலை: படுத்திருந்தாள். காரணம்: அசதி. நடவடிக்கை: சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. பசிக்கவில்லையா என்று மட்டும் கேட்டேன்.'

'செவ்வாய். அப்பா. நிலை: மௌனம். காரணம்: பகவானுக்குத்தான் தெரியும். நடவடிக்கை: பெருமாள் கதை ஒன்று சுருக்கமாகச் சொல்லப்பட்டது.' கீழே அம்மாவின் கையெழுத்தில்: 'சுருக்கமாக இல்லை.'

'புதன். அம்மா. நிலை: அழுதேன். காரணம்: அவள் அழவில்லை.'

தங்கை அந்த வாரம் முன்னைவிடக் குறைவாகச் சாப்பிட்டிருந்தாள். ஒரு வாரம் போய்விட்டது, மூன்று வாரம் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை பகல் அப்பா தன் அரை மணியை முடித்துக்கொண்டு, இந்தத் தடவை கதை இல்லை, வெறும் உபதேசம், கூடத்துக்கு வந்தபோது அம்மா பொறுமையிழந்தாள்.

"அரை மணி நாழி வாயை மூடிண்டு இருக்க முடியாதா? கொழந்தையைக் கொண்டுபோய் வார்டில விடணுமா?"

"நான் என்ன வேணும்னா பேசறேன்? தானா வரது."

"மடைப்பள்ளியில மட்டும் எப்படி வராம இருக்கு? விடியக்காலம் போய் பத்து மணி வரைக்கும் ஒரு வார்த்தை பேசாம தளிகை பண்றேள். அங்க சேத்து வெச்சதையெல்லாம் இங்க கொண்டுவந்து கொட்டறேள்."

"அங்க வாயைத் துணியால கட்டிண்டிருக்கேனே! பேசினா எச்சில் தெறிக்கும், பெருமாளுக்கு ஆகாது."

"அப்போ இங்கயும் கட்டிக்கோங்கோ."

கோபத்தில் சொன்னதுதான். வேறு யாராக இருந்தாலும் கோபத்தில் சொன்னது என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். அப்பா யோசித்தார். மறுநாள் பகல் கிணற்றடியில் குளித்தார், துவைத்து உலர்த்திய வெள்ளைத் துணியை எடுத்து மூக்குக்குக் கீழே இருந்து தாடை வரை மூடிப் பின்னால் முடிச்சுப் போட்டார். வாய் கட்டினால் கை சும்மா இருக்கக் கூடாது என்பது மடைப்பள்ளிப் பழக்கம். ஒரு முறத்தில் துவரம்பருப்பை எடுத்துக்கொண்டு போய்த் தங்கையின் பாயருகில் உட்கார்ந்து கல் பொறுக்கத் தொடங்கினார்.

அத்தை எட்டிப் பார்த்தாள். "இதென்னடா வேஷம்?"

அப்பா உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். மடைப்பள்ளியில் வாய் கட்டியவர்கள் கையால்தான் பேசுவார்கள். உள்ளங்கையைக் கவிழ்த்தால் அடுப்பைத் தணி. இரண்டு விரலைத் தேய்த்தால் உப்பு. கட்டைவிரலைக் கவிழ்த்தால் தண்ணீர் விடு. அடுப்பைத் தணித்துக்கொண்டு அத்தை உள்ளே போனாள்.

அந்தத் தாளை அம்மா எழுதியிருந்தாள்: 'நிலை: திரும்பிப் பார்த்தாள். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.' காரணக் கட்டத்தில் ஒன்றும் இல்லை. நடவடிக்கை: 'பருப்பு, அரைப்படி.'

அடுத்த சனிக்கிழமை நான் வந்தபோது வீடு அடையாளம் தெரியாத அளவுக்கு அமைதியாக இருந்தது. வாயைக் கட்டினால் மூச்சு முட்டுகிறது என்று அத்தை தன் அரை மணிக்கு ஒரு கடுக்காயை வாயில் அடக்கிக்கொண்டிருந்தாள். அம்மா பூத் தொடுத்தாள். நான் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். தங்கையிடம் பெரிய மாறுதல் ஒன்றுமில்லை. ஆனால் சேர்ந்து சாப்பிடும்போது யாரும் அவள் தட்டைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தோம். அத்தை கூரையைப் பார்த்தபடி சாப்பிட்டுப் புடவையில் சாத்தமுதைக் கொட்டிக்கொள்வாள். இரண்டு கவளம் நான்காகியிருந்தது. அதை யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. அம்மா எனக்கு மட்டும் நான்கு விரலைக் காட்டினாள், கதவுக்குப் பின்னால் நின்று.

மூன்றாவது ஞாயிறு. அப்பாவின் முறை. நான் கூடத்தில் இருந்தேன். துணி கட்டியிருப்பதால் மூச்சு மேலே ஏறி அவர் மூக்குக் கண்ணாடியில் ஆவி படியும். இரண்டு தடவை துடைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். மடைப்பள்ளியில் முப்பது வருஷம் கைப்பழக்கத்திலேயே சமைத்தவர். கல் பொறுக்குவது அங்கே வேறொருவர் வேலை.

"அப்பா" என்று ஒரு குரல் கேட்டது. கரகரவென்று, உபயோகிக்காமல் கிடந்த கதவு மாதிரி. "பருப்பைப் பொறுக்கிக் கீழ போடறேள். கல்லை முறத்துல விட்டுட்டேள்."

அப்பா நிமிர்ந்தார். பதில் சொல்ல வாய் இல்லை. கையை ஆட்டினார்.

"என்ன? உப்பா?"

தலையை ஆட்டினார். கண்ணைக் காட்டினார். துணியைக் காட்டினார். வாயை ஊதிக் காட்டினார்.

"தண்ணியா? இல்லையே... கண்ணாடியா? கண்ணாடில ஆவி படியறதா?"

அப்பா கை இரண்டையும் தூக்கிக் கும்பிட்டார். தங்கை எழுந்து உட்கார்ந்தாள். முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கீழே கிடந்த பருப்பை ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் போட்டாள், முறத்திலிருந்த கல்லை எடுத்துக் கீழே போட்டாள். அடுக்களையிலிருந்து அம்மா கரண்டியோடு வந்தாள், அத்தை கடுக்காயோடு வந்தாள், நான் தாளோடு போனேன். மூவரும் கதவுக்குப் பின்னால் நின்றோம்.

வெகுநேரம் கல் விழுகிற சத்தம்தான். பிறகு அவள் முறத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உடம்புக்கு என்ன பண்றது, என்ன பண்றதுன்னு எல்லாரும் கேட்டேளே. ஒண்ணுமே பண்ணலைப்பா. அழுகைகூட வரல. உள்ள ஒண்ணுமே இல்லாம இருக்கு. அதுதான் பண்றது."

அப்பாவின் கை நின்றது. அந்தத் துணிக்குப் பின்னால் அப்போது என்னவெல்லாம் நின்றது என்று எனக்குத் தெரியும். குறைந்தது மூன்று கதை, ஐந்து உபதேசம், நான் இருக்கேன் பயப்படாதே என்று ஒன்று. ஒரு கையைத் தூக்கினால் முடிச்சு அவிழ்ந்துவிடும். அவர் தூக்கவில்லை. கையை நீட்டி முறத்தின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் நடுவில் முறம் அசையாமல் நின்றது. துணியின் மேல் ஓரம் நனைந்திருந்தது. ஆவிதான் என்று அப்புறம் சொன்னார்.

"நான் சரியாயிட்டேனான்னு எல்லாரும் பாத்துண்டே இருந்தேளா, ஆகலையேன்னு இன்னும் பயமா இருந்தது" என்றாள். அப்புறம், தலையைத் தூக்காமலே, "கதவுக்குப் பின்னால ஆறு கால் தெரியறது" என்றாள்.

ஆறு காலும் கலைந்து போயின. கடுக்காய் எங்கேயோ உருண்டு விழுந்தது. மறுநாள் அத்தைதான் அதை மிதித்தாள்.

நான்காவது வாரம் நான் வந்து பார்த்தபோது தாளில் கையெழுத்து மாறியிருந்தது. அவளே ஆணியிலிருந்து எடுத்து எழுதத் தொடங்கிவிட்டாளாம். அம்மா அதைத் தடுக்கவில்லை. தடுத்தால் அது கேள்வியா, புத்திமதியா, கதையா என்று தெரியாததால் சும்மா இருந்துவிட்டாளாம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஐந்து பேரும் மறுபடி ரயிலேறினோம். டாக்டர் முதலில் தாள் கட்டைப் புரட்டினார். முதல் வாரத்தைப் படித்துவிட்டு, "இதுல நோயாளி யாரு?" என்று கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. பேனாவை எடுத்து ஒவ்வொரு தாளிலும் 'காரணம்' என்ற கட்டத்தை மேலிருந்து கீழ்வரை அடித்துக்கொண்டே வந்தார். "திருடனைத் தேடற மாதிரி காரணத்தைத் தேடாதீங்க" என்றார். கடைசி வாரம் வந்ததும் பேனா நின்றது. வாய்விட்டுப் படித்தார்.

"'புதன். அத்தை. கடுக்காய் இரண்டு முறை வெளியே வந்தது. கேட்ட கேள்வி இரண்டு. பதில் ஒன்று. வியாழன். அம்மா. பூ நான்கு முழம். நிலை: மூக்கை உறிஞ்சினாள், ஜலதோஷம் என்றாள். ஞாயிறு. அண்ணா. அரை மணியில் ஐந்து முறை கடிகாரம் பார்த்தான். பக்கம் ஒன்றுகூடத் திருப்பவில்லை.'"

நான் டைரியை மூடி வைத்துக்கொண்டேன்.

"'ஞாயிறு. அப்பா. நிலை: பேசவில்லை. எடுத்த நடவடிக்கை: என்னோடு இருந்தார்.'"

அப்பா மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தார். டாக்டர் தங்கையை அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். இந்தத் தடவை பெஞ்சில் தலபுராணம் நடக்கவில்லை. பக்கத்தில் ஒரு தகப்பனார் தன் பையனோடு உட்கார்ந்திருந்தார். அப்பா அவரைப் பார்த்தார், தூக்கைத் திறந்து ஒரு கை புளியோதரையை இலையில் வைத்து நகர்த்தினார்.

கதவு திறந்தது. "இன்னும் தோணறதாம். ஆனா தினமும் இல்லையாம். தோணினா சொல்றேன்னு சொல்லியிருக்கா, எங்கிட்டயும் அம்மாகிட்டயும்" என்றார் டாக்டர். "வார்டு வேண்டாம். மாத்திரை தொடரட்டும். இதையே இன்னும் நாலு வாரம்."

"துணியுமா?" என்றார் அப்பா.

"எந்தத் துணி?" என்றார் டாக்டர். அது எங்கள் குறிப்பில் இல்லை. தங்கைதான் விளக்கினாள், கையால் பாதி, வாயால் பாதி. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்படிச் செய்யச் சொல்லி எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் வேண்டாமென்றும் இல்லை என்றார்.

அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மார்கழியில் பாதி நாள் பள்ளிக்கூடம் போனாள், பாதி நாள் போகவில்லை. மாசியில் பத்து நாள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அந்தப் பத்து நாளில் யாரும் யாரையும் காரணம் கேட்கவில்லை. அப்பா துணியைத் துவைத்தார், அத்தை கடுக்காய் வாங்கிவரச் சொன்னாள், அம்மா பெட்டிச் சாவியை இடுப்பில் இன்னும் இறுக்கிச் செருகினாள், டாக்டருக்கு நான் தகவல் கொண்டுபோனேன். மாத்திரை அடுத்த ஆனி வரை நடந்தது. நோய் தொடங்கிய நாள் இன்றுவரை தீர்மானமாகவில்லை.

ஆனால் வேறொரு நாள் தெரியும். பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை. நான் ஒரு நாள் லீவில் வீட்டில் இருந்தேன். காலை ஆறரை மணி. "தலையைப் பின்னிண்டு போடி, பறட்டையா நிக்காதே" என்று அம்மா சொன்னாள். கண்ணாடி முன்னால் நின்ற தங்கை, "உன் தலையைப் போய்க் கண்ணாடில பாரும்மா, அப்புறம் எனக்குச் சொல்லு" என்றாள்.

 அம்மா ஈரக் கையோடு வாசலுக்கு ஓடினாள். பால்காரம்மாள் அப்போதுதான் செம்பில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எதுத்துப் பேசறாடி!" என்றாள் அம்மா. "எதுத்துப் பேசறா!"

"அப்ப சரி" என்றாள் பால்காரம்மாள், பாலிலிருந்து கண்ணை எடுக்காமல். "இனிமே அத நிறுத்தறதுக்கு டாக்டரே கெடையாது மாமி. எங்க ஊட்லயும் தேடிக்கினுதான் கீறோம்."

அன்றைய டைரிப் பக்கத்தில் இது நேரத்தோடு இருக்கிறது. பென்சிலில் எழுதியிருக்கிறேன். பேனாவின் மூடியைக் காணவில்லை, மை காய்ந்துபோயிருந்தது.